அட்டை

"அட்டையைக் கழற்றுங்க" என்றார் நுஸ்ஹா மிஸ்.
பதினொரு பேரும் குனிந்து காலைப் பார்த்தோம்.
ஹட்டனில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம்.

அவர் நீட்டியது வெறும் பிஸ்கட் டின்.
கமராக்கள் வயிறு திறந்து
நினைவு அட்டைகளைக் கக்கின.
கொழும்பிலிருந்து வந்தவர்,
கிரிக்கெட் படம் எடுத்துப் பேர் வாங்கியவர்,
தடிமனில் மூக்குச் சிவந்து
எங்கள் குளிரைத் திட்டிக்கொண்டே சொன்னார்:
"இன்றைக்கு முழுக்க எடுங்க. ஒன்றும் பதியாது.
பின்னேரம் வந்து
எங்கே நின்றீங்க என்று மட்டும் சொல்லுங்க."

நிலுக்‌ஷன் காலுறைக்குள்
இன்னொரு அட்டை ஒளித்து வைத்திருந்தான்.
நாற்பது படம் காட்டினான்.
நின்ற இடம் ஒன்றுகூட வாயில் வரவில்லை.
நான் சொன்னேன்:
பஸ் நிலையம், மீன் பனிஸ் கடைப் படி,
இடது கால் காண் தண்ணீரில்.
படம் இல்லை.
சப்பாத்து இன்னும் ஈரம்.

அடுத்த சனி கண்டிக்குப் போனோம்.
நாவலப்பிட்டி வரை ரயிலில் நின்றபடி.
மிஸ் வரவில்லை, தம்புள்ளையில் ஏதோ மெட்ச்.
குளத்துக்கு மேலே ஒரு மண்டபம்,
செருப்பைக் காட்டிக்கொடுக்கும் தரை,
சுவர் முழுக்க மலைநாட்டுப் படங்கள்.
காவலுக்கு இருந்தவர் மஸ்கெலியாக்காரர்.
தமிழ் கேட்டதும் கதிரையை விட்டு எழுந்து வந்து
வெள்ளைக்காரர் அதிகம் நிற்கும் படம்
எதுவென்று காட்டினார்.
உங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்டோம்.
"அந்தா, ஃபேனுக்குக் கீழ இருக்கிறது."

நான் படங்களுக்கு முன்னால்
முழங்காலை மடித்தேன், நுனிக்காலில் எக்கினேன்.
எடுத்தவன் எங்கே நின்றான்?
எல்லாவற்றிலும் உச்சந்தலை.
தலைத்துணியின் மடிப்பு, கூடையின் திறந்த வாய்,
கீழே கீழே இறங்கிப் போகும் நிரைகள்.
எனக்கு அந்த இடம் தெரியும்.
மேல் ரோட்டு வளைவு.
தொரையின் ஜீப் நிற்கிற இடம்.
பழுப்பேறிய பழைய படமும் அங்கிருந்துதான்,
போன வருடம் பரிசு வாங்கிய கலர்ப் படமும்
அங்கிருந்துதான்.
தலைமுறை தலைமுறையாக
ஒரே வளைவில் முக்காலி ஊன்றியிருக்கிறார்கள்.

முதலில் சிரிப்பு வந்தது.
பிறகு என் கமராவைத் திறந்து பார்த்தேன்.
அம்மாவை எடுத்த பதினேழு படம்.
பதினேழும் அந்த வளைவு.
அங்கேதான் வெளிச்சம் நல்லது.

திங்கட்கிழமை ஏழாம் நம்பர் மலைக்குள் இறங்கினேன்.
நிரைக்கு நடுவில் குந்தினால்
தேயிலை செடியில்லை, மரம்.
முறுக்கிய அடி, கவ்வாத்துத் தழும்பு, பாசி,
யாரோ வீசிய யோகட் கோப்பை.
தலைக்கு மேலே அம்மாவின் விரல்கள்
வந்து வந்து போகின்றன.
முகம் தெரியவில்லை.
படங்கின் ஓரம் முழங்காலில் உரசும் சத்தம்
படத்தில் வராது என்பது தெரிந்தும்
அழுத்தினேன்.

"நெரய விட்டு வெளிய வா புள்ள,
இன்னும் ஆறு கிலோ கெடக்கு."

அங்கிருந்து பார்த்தால் கங்காணி
கட்டைவிரல் அளவு.
ரோட்டு வளைவு மேல் விளிம்பில் ஒரு கீறல்.
அதில் இன்றைக்கு ஜீப் இல்லை,
சுற்றுலா வேன்.
ஒருவன் இறங்கி எங்களை நோக்கிக்
கமராவைத் தூக்கினான்.
நானும் தூக்கினேன்.

இரவு அதை மிஸ்ஸுக்கு அனுப்பினேன்.
பதில் வந்தது:
"வலப்பக்கம் சரிந்திருக்கு. எங்கே நின்றீங்க?"
அம்மா போனை வாங்கினாள்.
மட்டக்கம்பைச் செடிமேல் கிடத்துகிற மாதிரி
படத்துக்குக் குறுக்கே விரலை வைத்துப் பார்த்தாள்.
"மலையே சரிவுதான்னு சொல்லு."

அதை எழுதவில்லை.
கால் அரித்தது. குனிந்தேன்.
கணுக்காலில் ஒரு அட்டை,
நிறைந்து, கழறப் போகிற நிலையில்.
அம்மா உப்பு எடுக்க எழுந்தாள்.
இரும்மா, என்று
கமராவைத் தேடினேன்.